வுட்ஸ்டாக் போஸ்டர்: ஒரு பறவை, நாலு விரல், கிடாரின் கழுத்து

1969ல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவில் யார் பாடினார்கள், அது எந்த ஊரில் நடந்தது, ஏன் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றெல்லாம் தெரியாதவர்களுக்கும் அதன் போஸ்டர் தெரிந்திருக்கும். சிவப்புப் பின்னணி. பச்சையும் நீலமுமாக ஒரு கிடாரின் கழுத்து, அதைப் பிடித்திருக்கும் விரல்கள், அதன்மேல் வந்து உட்கார்ந்த ஒரு வெள்ளைப் பறவை. கீழே பெரிய வெள்ளை எழுத்தில் ‘3 டேஸ் ஆஃப் பீஸ் அண்ட் மியூசிக்’. அதற்கும் கீழே பொடி எழுத்தில் நிறைய விவரம். அவ்வளவுதான். டி-ஷர்ட்டிலும் காபி கோப்பையிலும் போன் கவரிலும் இந்தப் பறவையைப் பார்த்துப் பார்த்து, இதை ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்தார் என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது.

டிசைன் வேலை பார்க்கிறவன் என்பதால் எனக்கு இந்தப் போஸ்டர்மேல் தனி மோகம் உண்டு. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ‘அறுபதுகளின் அடையாளம்’, ‘ஹிப்பி காலத்தின் சின்னம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. அந்தக் காலத்துப் போஸ்டர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்த மொழியை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு மாதிரி பேசிய போஸ்டர் இது. அதனால்தான் மற்றவை எல்லாம் அருங்காட்சியகத்துக்கும் சேகரிப்பாளர்களிடமும் போய்ச் சேர்ந்த பிறகும் இது தெருவிலேயே இருக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரிய, 1969க்கு மூன்று வருடம் முன்னால் போக வேண்டும்.

1966 வாக்கில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இரண்டு இடங்களில் ராக் கச்சேரிகள் சூடு பிடித்தன. ஒன்று பில் கிரஹாம் நடத்திய ஃபில்மோர் அரங்கம், இன்னொன்று செட் ஹெல்ம்ஸின் ஃபேமிலி டாக் குழு கச்சேரி நடத்திய அவலான் பால்ரூம். வாராவாரம் கச்சேரி, அதனால் வாராவாரம் போஸ்டர். வெஸ் வில்சன், விக்டர் மொஸ்கோசோ, ரிக் கிரிஃபின், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி என்று ஐந்து பேரை இன்றும் சேர்த்தே சொல்வார்கள். இவர்கள் செய்த போஸ்டர்களை முதல் தடவை பார்க்கிறவருக்கு எழுத்தே தெரியாது. தீ எரிவதுபோல, புகை சுழல்வதுபோல ஒரு உருவம் தெரியும், உற்றுப் பார்த்தால் அந்தச் சுழற்சிக்குள் பாடகர் பெயர், தேதி, டிக்கெட் விலை எல்லாம் இருக்கும்.

வெஸ் வில்சன் இந்த எழுத்துக்கான விதையை எடுத்தது வியன்னாவில் இருந்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா செசெஷன் என்ற கலைஞர் குழுவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரோலர் கண்காட்சிப் போஸ்டர்களுக்காக எழுதிய கட்டைகட்டையான எழுத்துகளைப் பார்த்துவிட்டு, வில்சன் அதை இளக்கி, வளைத்து, ஒரு வடிவத்துக்குள் இடைவெளியே இல்லாமல் நிரப்பினார். எழுத்தே படமாகிவிட்டது. மொஸ்கோசோ இன்னொரு வழியில் வந்தார். அவர் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் படித்தவர். ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் ஆல்பர்ஸ். மொஸ்கோசோ அந்தப் பாடத்தை அப்படியே தலைகீழாகப் பயன்படுத்தினார். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நிறங்களை, சிவப்பும் பச்சையும் போல, ஆரஞ்சும் நீலமும் போல, ஒரே அடர்த்தியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளிம்பு நிலையாக நிற்காது, கண்ணுக்குள் துடிக்கும். அந்தத் துடிப்பைத்தான் அவர் போஸ்டர் முழுக்கப் பரப்பினார்.

இதெல்லாம் அந்த இடத்துக்குப் பிரமாதமாகப் பொருந்தியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹிப்பிகள் கூடிய ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் நடந்துபோகிற இளைஞருக்கு நேரம் இருந்தது, நின்று படித்தார், படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம் என்ற உணர்வும் இருந்தது. படிக்க முடியாத பெரியவர்கள் கடந்து போனால் நல்லதுதான், அவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஒரு ஊருக்குள், ஒரு கூட்டத்துக்குள் பேசிக்கொள்வதற்கு அது போதும். ஆனால் முன்பின் தெரியாத பல்லாயிரம் பேரை, பல ஊர்களில் இருந்து, ஒரு பண்ணை நிலத்துக்குக் கூப்பிட வேண்டும் என்றால்?

வுட்ஸ்டாக் விழாவை நடத்த முன்வந்த நாலு பேர் மைக்கேல் லாங், ஆர்ட்டி கோர்ன்ஃபெல்ட், ஜோயல் ரோஸன்மன், ஜான் ராபர்ட்ஸ். இவர்கள் முதலில் போனதும் அந்தச் சான் ஃபிரான்சிஸ்கோ பாணிக்குப் பக்கத்தில்தான். நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்துக்குப் போஸ்டர் செய்துகொண்டிருந்த டேவிட் பேர்ட் முதல் போஸ்டரை வரைந்தார். விழாவின் முழுப்பெயரில் ‘அக்வேரியன் எக்ஸ்போசிஷன்’ என்று ஒரு பகுதி உண்டு. கும்ப ராசியின் யுகம் பிறக்கிறது என்று அந்தத் தலைமுறை நம்பியது, அதைக் குறித்த பெயர். கும்பம் என்றதும் பேர்டுக்குக் குடத்தில் இருந்து நீரை ஊற்றும் பெண் நினைவுக்கு வந்திருக்கிறாள். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1856ல் முடித்த ஒரு ஓவியத்தில் இருக்கும், தோளில் குடம் ஏந்திய நிர்வாணப் பெண்ணை எடுத்து, அவளைச் சுற்றி நுணுக்கமான அலங்காரம் போட்டு, விழா முதலில் நடக்கவிருந்த வால்கில் என்ற ஊரை இடமாக எழுதினார்.

அது அழகான போஸ்டர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோடுகளின் கட்டுப்பாட்டைப் பார்த்தால் பேர்டின் கை எவ்வளவு தேர்ந்த கை என்று தெரியும். ஆனால் தூரத்தில் இருந்து பார்த்தால் அது ஒரு பழங்கால ஓவியக் கண்காட்சியின் போஸ்டரா, ராக் கச்சேரியின் போஸ்டரா என்று சொல்ல முடியாது. இசை அதில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். போதாதற்கு, ஏற்கனவே நீளமுடி இளைஞர்கள் ஊருக்குள் வந்து இறங்கப்போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்த சின்ன ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு நிர்வாண உருவத்தை ஒட்டினால் அந்தப் பயம் குறையவா போகிறது?

வால்கில் ஊர்க்காரர்கள் கடைசியில் தடையே போட்டுவிட்டார்கள். 1969 ஜூலை 15. விழாவுக்குச் சரியாக ஒரு மாதம்தான் பாக்கி. அந்த நெருக்கடியில்தான் பெதெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் மாட்டுப்பண்ணை கிடைத்தது. வுட்ஸ்டாக் என்ற ஊருக்கும் இந்தப் பண்ணைக்கும் இடையே அறுபது கிலோமீட்டருக்கும் மேலே தூரம், ஆனாலும் பெயரை மாற்றவில்லை. இடம் மாறியதைச் சொல்லப் பத்திரிகையில் ஒரு விளம்பரமும் கொடுத்தார்கள், துப்பாக்கியோடு நிற்கும் இரண்டு நாட்டுப்புறத்துக்காரர்களின் கேலிச்சித்திரத்தோடு. அமைதிக்கு உத்தரவாதம் தரத்தான் வால்கில்லை விட்டு வந்தோம் என்பது அதன் சாரம். வால்கில் என்று அச்சடித்த போஸ்டர் இனி உதவாது, புதிதாக ஒன்று வேண்டும், அதுவும் உடனே வேண்டும். பேர்ட் அப்போது விடுமுறையில் வெளியூர் போயிருந்தார். அப்படித்தான் வேலை ஆர்னல்ட் ஸ்கோல்னிக்கிடம் வந்தது.

ஸ்கோல்னிக் புரூக்ளினில் பிறந்தவர், அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்கள், திங்கட்கிழமை மதியம் கொண்டுபோய்க் கொடுத்தார். நாலே நாள். தனக்கு அது இன்னொரு வேலை, அவ்வளவுதான் என்று அவர் பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பறவையின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அது புறா இல்லை. அமைதி என்ற சொல் பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் புறா என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்கோல்னிக் அந்தக் கோடையில் நியூயார்க்குக்குக் கிழக்கே ஷெல்டர் ஐலண்டில் தங்கியிருந்தார். அங்கே கேட்பேர்ட் என்ற பறவை ஏராளம். பூனை கத்துவதுபோலவே கத்தும், சாம்பல் உடம்பு, தலையில் கறுப்புத் தொப்பி போட்டதுபோல ஒரு பட்டை, மைனாவைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். அதைத்தான் அவர் எந்நேரமும் ஸ்கெட்ச் புத்தகத்தில் வரைந்துகொண்டிருந்தார். ‘3 நாள் அமைதியும் இசையும்’ என்ற வாசகம் முடிவாகிக் கையில் வந்ததும், பிளேடை எடுத்து அந்தக் கேட்பேர்டைப் புத்தகத்தில் இருந்து வெட்டி எடுத்தார். முதலில் அதை ஒரு புல்லாங்குழல்மேல் உட்காரவைத்தார், ஏனென்றால் அந்தச் சமயம் அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஜாஸ். ஒரு நாள் பறவை குழல்மேலேயே இருந்தது. அப்புறம்தான் கிடாருக்கு மாறியது.

குழலில் இருந்து கிடாருக்கு மாற்றியதை நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். புல்லாங்குழல்மேல் பறவை என்றால் அது ஒரு கதைப்படம், மென்மையாக, கொஞ்சம் பழைய காலத்தோடு இருக்கும். கிடாரின் கழுத்து என்றால் 1969. அதைவிட முக்கியம், கிடாரின் கழுத்தைப் பிடிக்க ஒரு கை வேண்டும். கை வந்ததும் படத்துக்குள் ஒரு மனிதர் வந்துவிடுகிறார், முகம் இல்லாமல். அந்தக் கை எந்தப் பாடகருடையதும் இல்லை, எனவே எல்லோருடையதும்தான், நானும் நீங்களும்கூட அந்த இடத்தில் கையை வைத்துப் பார்க்கலாம். நடிகர் முகம், பாடகர் முகம் எதுவுமே இல்லாமல் ஒரு விழாவுக்கு ஆள் கூப்பிட்டிருக்கிறார் மனுஷன். இன்னொன்றும் கவனியுங்கள்: கிடார் வாசித்துக்கொண்டிருக்கும்போது கழுத்துமேல் பறவை வந்து உட்காராது. கை அசையாமல் நின்றால்தான் உட்காரும். இசையும் அமைதியும் ஒரே படத்தில் ஒரே நொடியில் இருக்க வேண்டும் என்றால் இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

படத்தை அவர் தூரிகையால் தீட்டவில்லை, காகிதத்தை வெட்டி ஒட்டினார். இந்த முறையை எங்கிருந்து எடுத்தார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை, மத்தீஸின் தாக்கம் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. ஹென்றி மத்தீஸ் 1941ல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நெடுநேரம் நின்று தீட்ட முடியாமல் போனபோது, உதவியாளர்களிடம் காகிதத்தில் வண்ணம் பூசச் சொல்லி, அதைக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிப் படம் செய்தார், 1954ல் இறக்கும்வரை. வெட்டிய விளிம்புக்கு ஒரு குணம் உண்டு. பேனா ஓரிடத்தில் தயங்கலாம், திரும்பி வரலாம், ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போடலாம். கத்தரியும் பிளேடும் தயங்கினால் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வெட்டுகிறவர் தேவையில்லாத எதையும் வெட்ட மாட்டார். வுட்ஸ்டாக் பறவைக்கு இறகு இல்லை, நிழல் இல்லை, சாம்பல் நிறமும் இல்லை, கறுப்புத் தொப்பியும் இல்லை. கேட்பேர்டை அடையாளம் காட்டும் அத்தனையும் போய், வெறும் பறவை என்ற வடிவம் மட்டும் மிஞ்சியது. மக்கள் அதைப் புறா என்று எடுத்துக்கொள்ள வழி திறந்ததும் இந்த வெட்டில்தான்.

நிழலும் சாயலும் இல்லாத தட்டையான நிறங்கள் அச்சுக்கூடத்துக்கும் வசதி. புள்ளித்திரை போட்டு நிறங்களைக் கலக்க வேண்டியதில்லை, மையின் அடர்த்தி ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் கொஞ்சம் மாறினாலும் படம் கெட்டுப்போகாது. நேரமே இல்லாத வேலைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஆஃப்செட் மெஷின் பக்கத்தில் நின்று புரூஃப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொடி அளவுக்குச் சுருக்கினாலும் பறவை பறவையாகவே தெரிகிறது, கட்டடச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடைவதில்லை. மொஸ்கோசோவின் போஸ்டரை அப்படிச் சுருக்கினால் நிறக்குழம்பு மட்டும்தான் மிஞ்சும்.

நிறங்களுக்கு வருவோம். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையும் நீலமும் என்பது மொஸ்கோசோ கண்ணைத் துடிக்கவைத்த அதே கூட்டணிதான். ஸ்கோல்னிக் அதே எதிரி நிறங்களை எடுத்துக்கொண்டு, துடிப்பை மட்டும் அடக்கிவிட்டார். எப்படி என்றால், சிவப்புக்கு முக்கால்வாசி இடத்தைக் கொடுத்தார், பச்சையையும் நீலத்தையும் கிடாருக்குள் அடைத்தார், பார்வை போய் நிற்க வேண்டிய இரண்டு இடங்களில், பறவையிலும் வாசகத்திலும், வெள்ளையை வைத்தார். சம பலம் உள்ள நிறங்கள் சண்டை போடும், ஒன்று ஆட்சி செய்தால் மற்றவை அடங்கிவிடும். கண் முதலில் பறவையிடம் போகிறது, அங்கிருந்து கீழே அதே வெள்ளையில் இருக்கும் வாசகத்துக்கு இறங்குகிறது. வேறு எங்கேயும் தடுமாற வழியே இல்லை. அமைதி என்ற சொல்லைச் சிவப்புத் தளத்தில் வைக்கத் துணிந்ததும் எனக்குப் பிடிக்கும். வெளிர் நீலத்தில் வைத்திருந்தால் அது வாழ்த்து அட்டையாகியிருக்கும்.

சரி, எழுத்து. இதுதான் இந்தப் போஸ்டரில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், ஆனால் இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. போஸ்டரில் மிகப் பெரிய எழுத்து எது? விழாவின் பெயர் இல்லை. பாடகர் பெயர் இல்லை. ‘3 டேஸ் ஆஃப் பீஸ் அண்ட் மியூசிக்’ என்ற வாசகம்தான், அலங்காரமே இல்லாத நேர் எழுத்தில். வுட்ஸ்டாக் என்ற சொல்லே கீழே பொடி எழுத்துக்குள் இருக்கிறது! ஒரு விழாவின் பெயரை அதன் போஸ்டரிலேயே இவ்வளவு சின்னதாகப் போட இன்று எந்த வாடிக்கையாளர் சம்மதிப்பார், சொல்லுங்கள். லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்று கேட்காத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

பாடகர் பட்டியல் இன்னும் சுவாரஸ்யம். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளுக்கு மூன்று பட்டியல், எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்து, குடும்பப் பெயரை வைத்து ஏறக்குறைய அகரவரிசை. வெள்ளிக்கிழமை ஜோன் பயஸ் முதலில் வருவது அவர் பெரிய ஆள் என்பதால் இல்லை, குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் B எழுத்தில் தொடங்குவதால். சனிக்கிழமை ஜானிஸ் ஜாப்ளினுக்கும் குவில் என்ற அவ்வளவாகப் பேர்பெறாத குழுவுக்கும் ஒரே அளவு. விழாவிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலின் நடுவில் எங்கேயோ இருக்கிறார், மேலே கீழே பார்க்காமல் தேடினால் தவறவிடுவீர்கள். இசை விழாப் போஸ்டர்களில் யார் பெயர் எத்தனை பெரிதாக, எந்த வரியில் வர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் பேசித் தீர்க்கிற விஷயம். இன்றைய பெரிய விழாக்களின் போஸ்டரைப் பாருங்கள், மேல் வரியில் ஆளுயர எழுத்தில் மூன்று பெயர், கீழே போகப்போக எழுத்து சிறுத்து, கடைசி வரியில் இருக்கிறவர் பெயரைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். முழுப் போஸ்டரும் ஒரு சம்பளப் பட்டியலாகவே இருக்கிறது. 1969ல் அகரவரிசை போட்டதால் பெயர்ச் சண்டை ஒழிந்தது என்பது ஒரு பக்கம், அதைவிடப் பெரிய விஷயம் அந்தப் போஸ்டர் விற்றது ஆட்களை இல்லை, மூன்று நாட்களை. இன்னார் பாடுகிறார் வாருங்கள் என்று கேட்கவில்லை. மூன்று நாள் இப்படி இருக்கப்போகிறது, வாருங்கள் என்று கேட்டது.

அந்த மூன்று நாள் எப்படி இருக்கும் என்பதையும் பொடி எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள், தயவுசெய்து பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். ஓவியக் கண்காட்சி, கைவினைச் சந்தை, பட்டறைகள், சாப்பாடு, நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் என்று தனித்தனித் தலைப்பு. வானத்தை முட்டும் கட்டடமோ சிக்னல் விளக்கோ கண்ணில் படாமல் மூன்று நாள் சுற்றலாம், காற்றாடி விடலாம், வெயில் காயலாம், சொந்தமாகச் சமைத்துக்கொள்ளலாம், கெட்டுப்போகாத காற்றைச் சுவாசிக்கலாம். கோக்கும் ஹாட்டாகும் உண்டு, புதுப்புதுச் சாப்பாட்டு வகைகளையும் முயன்று பார்க்கலாம். ஒரு நாளைக்கு 7 டாலர், இரண்டு நாளைக்கு 13, மூன்று நாளைக்கு 18. இதை எழுதியவரிடம் நல்ல காது இருந்திருக்கிறது. விளம்பர வாசனையே இல்லாமல், நண்பர் ஒருவர் வா போகலாம் என்று கூப்பிடுவதுபோல இருக்கிறது. காற்றாடி விடலாம் என்று சொல்லிவிட்டு அதற்குப் படம் எதுவும் போடாமல் விட்டதும் சரியான முடிவு. ஒரே ஒரு படம், அதை எதுவும் தொந்தரவு செய்யக் கூடாது.

போஸ்டர் சொன்னபடி எல்லாம் நடக்கவில்லை என்பது ஊரறிந்த கதை. முன்கூட்டியே 1,86,000 டிக்கெட் விற்றிருந்தது, வந்ததோ நாலு லட்சம் பேருக்கும் மேல். வேலி போட்டு முடிக்கவில்லை, அதனால் விலை எழுதிய வரிக்கே வேலை இல்லாமல் போய் விழா இலவசமானது. சாலைகள் மைல் கணக்கில் அடைத்துக்கொண்டன, மழை கொட்டியது. பட்டியலில் இருந்த ஜெஃப் பெக் குழுவும் அயர்ன் பட்டர்ஃபிளையும் மேடையேறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதியிருந்த ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது திங்கட்கிழமை காலையில். விவர வரிகள் இத்தனை பொய்த்தும் மேலே இருந்த அந்தப் பெரிய வாசகம் பொய்க்கவில்லை, அவ்வளவு பெரிய கூட்டம் அடிதடி இல்லாமல் மூன்று நாளைக் கடந்தது. பாடகர் முகத்தைப் போட்டு விற்ற போஸ்டராக இருந்திருந்தால், வராத பாடகரோடு சேர்ந்து அதுவும் பழசாகியிருக்கும்.

பட்டியலில் நம் பக்கத்துப் பெயர் ஒன்று உண்டு, வெள்ளிக்கிழமை வரிசையில் ரவி சங்கர். அன்று இரவு மழைக்கு நடுவில் அல்லா ரக்காவின் தபலாவோடு வாசித்தார். பட்டியலில் இல்லாத இன்னொருவரும் அன்று அந்த மேடையில் இருந்தார். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் 1914ல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். ரிச்சி ஹேவன்ஸ் பாடி முடித்த பிறகு, நீண்ட தாடியோடு மேடையில் உட்கார்ந்து, இசையைப் பற்றியும் அமைதியைப் பற்றியும் அந்தக் கூட்டத்திடம் பேசினார். போஸ்டர் பற்றி எழுதும் இடத்தில் இவரை ஏன் இழுக்கிறேன் என்றால், 1966ல் இவரை நியூயார்க்குக்கு அழைத்துவந்தவரே ஒரு போஸ்டர் கலைஞர்தான், பீட்டர் மேக்ஸ். நட்சத்திரம், வானவில், பறக்கும் மனிதர்கள் என்று அறுபதுகளின் கடைசியில் அமெரிக்க இளைஞர்களின் அறைச் சுவர்களை நிறைத்த போஸ்டர்கள் அவருடையவை. விழா தொடங்கிய அன்று போஸ்டரின் பெரிய வாசகத்தை மேடையில் பேச்சாகச் சொன்ன மனிதர் ஒரு கொங்குத் தமிழர் என்பதை அந்தப் போஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பிற்பாடு அந்தப் பறவை தனியாகவே வாழத் தொடங்கிவிட்டது. 1999ல் அமெரிக்க அஞ்சல் துறை அறுபதுகளுக்காக வெளியிட்ட தபால்தலைகளில் கிடாரும் பறவையும் வந்தன. 2019ல் விழாவின் ஐம்பதாம் ஆண்டுக்கு இன்னொரு தபால்தலை, ‘3 டேஸ் ஆஃப் பீஸ் அண்ட் மியூசிக்’ என்ற வாசகத்தோடு. அதில் அவர்கள் வைத்தது புறா, அப்படியே புறா என்றுதான் அறிவித்தார்கள், சுற்றிலும் சைகடெலிக் நிறங்கள். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஸ்கோல்னிக் எந்த நிறக்குழப்பத்தில் இருந்து விலகி வந்தாரோ, ஐம்பது வருடம் கழித்து அதற்குள்ளேயே அந்த வாசகத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அறுபதுகள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம் தலைக்குள் ஒரு படம் உட்கார்ந்துவிட்டது, அந்தப் படத்துக்கு ஏற்ப நிஜத்தையே திருத்துகிறோம்.

ஸ்கோல்னிக் பிறகு ஓவியராகவும், கலைப் புத்தகங்களை வடிவமைத்து வெளியிடுகிறவராகவும் நீண்ட காலம் வேலை செய்தார். 2022ல், 85 வயதில் காலமானார். அவர் போனபோது வந்த அஞ்சலிக் குறிப்புகள் எல்லாம் இந்த நாலு நாள் வேலையில்தான் தொடங்கின, அவர் மற்ற வருடங்களில் வரைந்த ஓவியங்களுக்குக் கடைசியில் ஒன்றிரண்டு வரிதான் கிடைத்தது. ஓவியரின் பக்கத்தில் நின்று பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தப் போஸ்டரின் பிரதியை வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாங்குவதற்கு முன் அடிப்பகுதியைப் பாருங்கள். சந்தையில் கிடைக்கும் நிறையப் பிரதிகளில் பொடி எழுத்து கரைந்துபோயிருக்கிறது, சிலவற்றில் அதை எடுத்தேவிட்டு வெறும் பறவையையும் வாசகத்தையும் மட்டும் வைத்திருக்கிறார்கள். காற்றாடியும் பண்ணையும் ஒரே அளவில் எழுதிய அந்த அகரவரிசையும் இல்லாத பிரதி எனக்கு வேண்டாம். முடிந்தால் பேர்டின் குடம் ஏந்திய பெண்ணையும் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டிசைன் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் காட்டுவேன், ஒரே விழா, ஒரே தேதிகள், இரண்டு பேருமே திறமைசாலிகள், அப்புறம் அவர்களே பேசட்டும் என்று விட்டுவிடுவேன்.